தாய்லாந்தில் குடியிருக்கும் பிரிட்டிஷ்காரர்கள் ஏன் எந்நேரமும் குறை சொல்கிறார்கள்? பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போகலாமே?

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. "பிடிக்காவிட்டால் போகலாமே" என்று லண்டனில் பஸ்ஸில் வைத்து என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். யாரைப் பார்த்து அதைச் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் சுடும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். லண்டனில் வளர்ந்து அங்கேயே வேலை செய்தேன். இப்போது தாய்லாந்தின் வடகிழக்கே, உடோன் தானிக்குப் பக்கத்தில், மனைவியின் கிராமத்தில் இருக்கிறேன். மனைவி தாய்லாந்துக்காரி. கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஆக, நீங்கள் கேட்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். கூட்டத்தில் பாதிப்பேர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பட்டாயா, புக்கெட் பக்கம் சுற்றுலா வந்து, ஏதோ ஒரு பப்பில் பக்கத்து மேசைப் புலம்பலைக் கேட்டுவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்கள் இந்த இசான் (வடகிழக்குத் தாய்லாந்து) கிராமங்களில் பெண் வீட்டோடு வந்து இருப்பவர்கள். லாரி ஓட்டியவர், குழாய் வேலை செய்தவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்படி. சனிக்கிழமை இரவில் டவுனில் ஒரு கடையில் கூடுவோம். இங்கிலாந்தில் பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கும் ஃபுட்பால் ஆட்டம், அங்கே குளிர்காலமென்றால், இங்கே இரவு 10 மணிக்கு வரும். ஆட்டம் தொடங்கும்வரை குறை சொல்வதுதான் வேலை.

அந்தக் குறைகளில் முக்கால்வாசி நம் ஆட்களுக்குக் குறையாகவே தெரியாது. காணி விஷயத்தையே எடுங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், அதுவும் ஒரு கட்டடத்தில் 49 வீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக்கூடாது. அதனால் இங்கிலாந்து வீட்டை விற்ற காசைக் கொண்டுவந்து மனைவியின் பெயரில் காணி வாங்கி வீடு கட்டுகிறார்கள். பதிவு நாளன்று காணி அலுவலகத்தில் புருஷனும் மனைவியும் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும்: காணி வாங்கும் காசு முழுக்க மனைவியின் சொந்தக் காசு, புருஷனுக்கு இதில் பங்கு கிடையாது. யாருடைய காசு என்பது அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

என் முறை வந்தபோது லாரிக்கார நண்பர் துணைக்கு வந்தார். துணைக்கு என்பதைவிடத் தடுக்க என்று சொல்லவேண்டும். வழி முழுக்கப் புத்திமதி. அலுவலர், கடிதத்தின் கருத்து எனக்கு விளங்கியதா என்று மனைவியிடம் கேட்டார். விளங்கியது என்று நானே எனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழியில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். வெளியே வந்ததும் நண்பர், "உனக்குப் பயமே இல்லையா?" என்றார்.

எனக்கு எதற்குப் பயம்? என் அப்பா சாகும்வரை இருந்தது அம்மாவின் சீதன வீட்டில். பெரியப்பா, மாமா, அயலட்டையில் முக்கால்வாசி ஆண்கள் எல்லோரும் மனைவியின் சீதன வீட்டில்தான் இருந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் சொத்து. அப்பா கோபம் வந்தால் விறாந்தையில் போய் உட்காருவார், அம்மா "உங்களுக்கு அந்த விறாந்தை மட்டும்தான் சொந்தம்" என்று பகிடி பண்ணுவார். இங்கே இசானிலும் கிட்டத்தட்ட அதே கதை. ஆண்பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் பெண் வீட்டுக்குப் போவார்கள். ஒரு மகள், அனேகமாகக் கடைசி மகள், பெற்றோரோடு இருந்து பார்த்துக்கொள்வாள், வீடும் அவளுக்குத்தான். என் மனைவியும் கடைசி மகள். கல்யாணம் பேசும்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அதற்காக நான் ஒன்றுமே எழுதி வைக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். அதே அலுவலகத்தில் 'சித்தி கெப் கின்' என்று ஓர் உரிமையைக் காணி உறுதியில் பதிந்துகொண்டோம். காணி மனைவியின் பெயரில்தான், ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை என்னை யாரும் எழுப்ப முடியாது. நம் ஊரில் பெற்றோர் பிள்ளைக்குச் சீதனம் எழுதும்போது சீவிய உரித்து வைத்துக்கொள்வார்களே, அதேதான். சில காணி அலுவலகங்களில் புருஷன் மனைவிக்கு இடையில் இதைப் பதியத் தயங்குவார்கள் என்று கேள்வி. எங்களுக்குப் பதிந்து தந்தார்கள். இதையெல்லாம் சனிக்கிழமை மேசையில் விலாவாரியாக விளக்கினேன். கேட்டு முடிந்ததும் ஒருவர், "அப்போ உங்கள் ஊரிலும் ஆண்களை இப்படித்தான் ஏமாற்றுகிறார்களா?" என்றார்.

உடனே யாரும் என்மேல் பாயவேண்டாம். உண்மையாகவே ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். தான் கட்டிய வீட்டிலிருந்து பெட்டியோடு வெளியேறிய ஒருவரை எனக்கே தெரியும், அவருடைய வலியை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதே ஏமாற்று என்று தொடங்கினால் அந்தக் குடும்பத்தில் ஒருநாளும் நிம்மதி வராது.

சின்சோட் விஷயமும் இப்படித்தான். மாப்பிள்ளை பெண்ணின் பெற்றோருக்குக் கொடுக்கும் காசு அது. சீதனம் கொடுத்துக் கொடுத்தே நொடிந்துபோன ஊரிலிருந்து வந்தவனுக்கு, மாப்பிள்ளை காசு கொடுக்கும் ஊரைப் பார்க்கச் சிரிப்பும் கொஞ்சம் திருப்தியும் வந்தது. என் மாமி காசை எல்லோருக்கும் தெரியத் தட்டில் அடுக்கிவைத்து, துணியில் கட்டித் தோளில் தூக்கிக் காட்டிவிட்டு, அடுத்த நாள் மனைவியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கும். மேசையில் இருந்தவர்களில் சிலர் இதை மனைவியை விலைக்கு வாங்கிய மாதிரிச் சொல்வார்கள், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே. மாதாமாதம் மாமா மாமிக்குக் காசு கொடுப்பதும் அவர்களுக்குப் பெரிய கொடுமை. லண்டனில் சம்பளம் வந்த அன்றே ஊருக்குக் காசு அனுப்பிப் பழகிய எனக்கு அதில் கதைக்க என்ன இருக்கிறது?

மற்றச் சில்லறைக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தனி விலை. காவோ யாயில் உள்ளூர்க்காரருக்கு 40 பாத், நமக்கு 400. இதைச் சொல்லிச் சொல்லிக் கொதிப்பார்கள். சிகிரியாவிலும் தாஜ்மஹாலிலும் அதே கணக்குத்தான் என்று சொன்னால் பிடிக்காது. நல்ல சாசேஜ் கிடையாது, கிடைத்தாலும் யானை விலை. அறுவடை முடிந்து வயல் கொளுத்தும் மாதங்களில் வரும் புகை, இது நியாயமான குறை, எனக்கும் இருமல் வரும். தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் விதம், இதுவும் நியாயம்.

உண்மையான புண் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி அவர்கள் சத்தமாகப் பேசுவதே இல்லை. பென்ஷன்.

பிரிட்டிஷ் அரச ஓய்வூதியம் இங்கிலாந்தில் இருப்பவருக்கு வருடாவருடம் ஏறும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ போய் இருந்தாலும் ஏறும். தாய்லாந்தில் இருந்தால் ஏறாது. வாங்கத் தொடங்கிய அன்று என்ன தொகையோ, சாகும்வரை அதுதான். நான் சொன்ன லாரிக்காரர் 2010இல் வாங்கத் தொடங்கினார். அப்போது முழு அடிப்படை ஓய்வூதியம் வாரம் 97.65 பவுண். இன்றைக்கும் அவருக்கு அதே 97.65. அவரோடு ஒரே டிப்போவில் வேலை செய்து, ஒரே அளவு பணம் கட்டி, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவருக்கு 2025 ஏப்ரலில் அது 176.45 ஆக ஏறிவிட்டது. இதை எதிர்த்து வெளிநாட்டில் இருந்த ஓய்வூதியக்காரர் வழக்குப் போட்டார்கள். 2005இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றார்கள், 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றார்கள்.

ஏறாத காசு, அதோடு இறங்குகிற பவுண். 2005, 2006 வாக்கில் ஒரு பவுணுக்கு 70 பாத் கிடைத்தது. அந்தக் கணக்கை நம்பி வந்தவர்கள் பலர். பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு முன் 50க்குக் கொஞ்சம் மேலே இருந்தது, 2019 ஓகஸ்டில் 40க்கும் கீழே போனது. (அந்த மேசையில் பிரெக்சிட்டுக்கு ஆதரவாகத் தபாலில் வாக்குப் போட்டவரும் இருக்கிறார். வெளிநாட்டுக்காரர் வந்து குவிகிறார்களாம். இசான் கிராமத்தில் இருந்துகொண்டு.)

அதே 2019இல் இன்னோர் அடி. ஓய்வு பெற்றவர் இங்கே வருடாவருடம் விசாவை நீடிக்க, வங்கியில் 800,000 பாத் காட்டவேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்டவேண்டும். தாய்லாந்துப் பெண்ணைக் கட்டியவர் என்றால் 400,000 அல்லது 40,000. வருமானத்துக்குப் பிரிட்டிஷ் தூதரகம் ஒரு கடிதம் கொடுத்துவந்தது. அந்த வருடம் ஜனவரி 1 முதல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நம் லாரிக்காரரின் 97.65ஐ மாதக் கணக்கில் பாத்துக்கு மாற்றினால் 20,000கூட வராது. கம்பனி பென்ஷன் கொஞ்சம் இருக்கிறது, அப்படியும் 40,000 எட்டாது. பிக்கப்பை விற்று, மைத்துனனிடம் கொஞ்சம் வாங்கி 400,000ஐ வங்கியில் போட்டார். விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் அது கணக்கில் கிடக்கவேண்டும். மைத்துனன் நெல்லு விற்ற காசு அது. ஆனால் சனிக்கிழமை வந்து அவர் திட்டியது யாரை? குடிவரவு அலுவலகத்தில் நகல் எடுத்துவரச் சொன்ன பெண்ணை.

சரி, திரும்பிப் போகலாமே என்கிறீர்கள். அவர் தனியாகப் போகலாம், போய்க் குடியேறினால் பென்ஷனும் ஏறும். மனைவி? பிரிட்டிஷ்காரர் ஒருவர் வெளிநாட்டு மனைவியைக் கூட்டிப்போக வருடம் 29,000 பவுண் வருமானம் காட்டவேண்டும். 2012 முதல் 18,600 ஆக இருந்ததை 2024 ஏப்ரலில் இப்படி ஏற்றினார்கள். வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண். 97.65 வாங்குகிற மனிதனிடம் அவ்வளவு இருக்குமா? அதைவிட, அவருடைய மனைவிக்கு எழுபது வயதைக் கடந்த தாய் இருக்கிறார். இப்போது சொல்லுங்கள், யாரை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்கள்?

இவ்வளவும் அவர்களுக்காகப் பரிந்து எழுதிவிட்டேன். இனி என் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

வந்த புதிதில் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழி போலப் பேசும் நாட்டுப் பாஸ்போர்ட், ஒரு பட்டம், இதுதான் நிபந்தனை. இரண்டும் என்னிடம் இருந்தது. தொலைபேசியில் பேசினார்கள், என் லண்டன் உச்சரிப்பைப் பாராட்டினார்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். போனேன். வாசலில் நின்ற ஆசிரியை என்னைத் தாண்டி ஆள் தேடினார். நான்தான் என்றதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, மிகவும் மரியாதையாகக் கைகூப்பி, பெற்றோர் வேறு மாதிரி எதிர்பார்க்கிறார்கள் என்றார். அந்த வேலை பிறகு ஒரு இளம் வெள்ளைக்காரருக்குப் போனது. நல்ல பையன், குறை சொல்லமாட்டேன், ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டபின் ஒரு புத்தகத்தைத் திறந்தவன் இல்லை.

தாய்லாந்துக்காரர்மேல் எனக்கு வந்த கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. மேசையில் இதைச் சொன்னேன். பூங்காவில் 360 பாத் அதிகம் கேட்டதற்கு இனவாதம் என்று கத்துகிறவர்கள், "அது வியாபாரம் அப்பா, பெற்றோர் காசு கொடுக்கிறார்கள், அவர்கள் கேட்பதைத்தானே கொடுப்பார்கள்" என்றார்கள். லாரிக்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு பியர் வாங்கித் தந்தார். அந்த மேசைமேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை, அதனால்தான் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் இதை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் லண்டனில் இருந்து இதை வாசித்துக்கொண்டு, உங்கள் அப்பா அம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போக யோசிக்கிறார்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். இலங்கையும் இந்தியாவும் அந்தப் பென்ஷன் ஏறாத பட்டியலில்தான் இருக்கின்றன. யாழ்ப்பாணமோ சென்னையோ, லாரிக்காரரின் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். போவதற்கு முன் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

2024இல் இருந்து வெளிநாட்டுக் காசைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் வரி எப்படி என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்பவேண்டாம். வருடத்தில் 180 நாள் இங்கே இருந்தால் வரிக் கணக்குக்குள் வந்துவிடுவீர்கள், பிரிட்டனோடு இரட்டை வரி ஒப்பந்தமும் இருக்கிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். மிச்சத்தை ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.