கேளுங்கள், சொல்கிறோம்: பெர்ட் ஜான்ஷ் நினைவாக ஒரு கிட்டார் மாலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் சிலர், ஸ்காட்லாந்துக் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான பெர்ட் ஜான்ஷின் நினைவு நாளை ஒட்டி அக்டோபரில் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொதுமண்டபம்) ஒரு நிகழ்ச்சி வைக்கிறார்கள். அவர்களும் அக்கம்பக்கத்தாரும் அனுப்பிய கேள்விகளே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்ற வாசகர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: தோட்டத்துப் பெரியவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. இரண்டு நிமிடத்தில் என்ன சொல்லி அறிமுகம் செய்வது?

1943 நவம்பர் 3ஆம் தேதி கிளாஸ்கோவில் பிறந்து எடின்பரோவில் வளர்ந்தவர். பள்ளியை விட்டதும் பார்த்தது நாற்றுப் பண்ணை வேலை. எடின்பரோவில் இருந்த 'ஹௌஃப்' என்ற நாட்டுப்பாடல் மன்றத்தில் கிட்டார் பழகினார், பிறகு லண்டன் போனார். 1965இல் முதல் இசைத்தட்டு வந்தது. பில் லீடர் என்பவர் தம் வீட்டிலேயே டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்து கொடுத்தது அது. வாசித்த கிட்டார்கூட இரவல். டிரான்ஸ்அட்லாண்டிக் நிறுவனம் 100 பவுன் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. 1967இல் நான்கு பேரோடு சேர்ந்து 'பென்டாங்கிள்' குழுவைத் தொடங்கினார். நாட்டுப்பாடலோடு ஜாஸைக் கலந்த குழு. 1973 தொடக்கத்தில் கலைந்த அந்த ஐவரும் 2011 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மறுபடி ஒரே மேடையில் வாசித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி புற்றுநோயால் இவர் காலமானார். வயது 67.

பெரியவர்களிடம் இவ்வளவும் வேண்டியதில்லை. நாற்றுமேடையில் வேலை பார்த்த பையன், இரவல் கிட்டாரில் பேர் வாங்கினான் என்று ஆரம்பியுங்கள். காது கொடுப்பார்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்துத் துரைமார்கள் நம் பாட்டன்மாரை வேலை வாங்கியது போதாதா? அந்த நாட்டுப் பாடகருக்கு நாம் ஏன் விளக்கேற்ற வேண்டும்?

நியாயமான கோபம்தான். 1821இல் சிங்கப்பூரில் கத்ரி நிறுவனத்தைத் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரர், 1910இல் சைம் டார்பியைத் தொடங்கியவர்களில் வில்லியம் சைமும் ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் துரை வேறு, இவர் வேறு. இவர் வளர்ந்த வெஸ்ட் பில்டன், எடின்பரோ நகராட்சி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள் நிறைந்த பேட்டை. நம் லயத்து வீடுகளோடு ஒப்பிட முடியாதுதான். பங்களாவோடும் ஒப்பிட முடியாது. விளக்கேற்றுவது உங்கள் விருப்பம். ஏற்றினால் கிட்டாரிலிருந்தும் காற்றாடியிலிருந்தும் தள்ளி வையுங்கள். பொன்னாடை மட்டும் வேண்டாம், போர்த்திக்கொள்ள ஆளில்லை.

கேள்வி: 'பிளாக்வாட்டர்சைட்' பாட்டை இணையத்தில் பார்த்துப் பழகுகிறோம். விரல் எல்லாம் சரியாகத்தான் போகிறது, சத்தம் மட்டும் அவருடையது மாதிரி இல்லை. ஏன்?

சுருதி மாறியிருக்கும். இது பழைய அயர்லாந்துப் பாட்டு. ஆன் பிரிக்ஸ் என்ற பாடகியிடம் கேட்டுக் கற்று, ஜான்ஷ் 1966இல் 'ஜாக் ஒரயன்' தொகுப்பில் வாசித்தார். அதே வாசிப்பைத் தழுவி 1969இல் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் பாட்டில்லாத ஒரு கிட்டார் உருப்படி வெளியிட்டார், தபலாவோடு. பேஜ் வைத்த சுருதி, ஆறாவது தந்தியிலிருந்து முதலாவது வரை, மேலைச் சுரப்பெயரில் டி-ஏ-டி-ஜி-ஏ-டி. ஜான்ஷ் வைத்தது ஆறாவது தந்தியை மட்டும் இறக்கிய சுருதி. இணையத்தில் இரண்டையும் குழப்பிப் பாடம் எடுப்பவர்கள் ஏராளம்.

ஜான்ஷ் முறை இப்படி. வழக்கமான சுருதியில் கிட்டாரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தடித்த ஆறாவது தந்தியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இறக்கும்போது டி-க்குக் கீழே கொஞ்சம் போய்விட்டு, மறுபடி மேலே ஏற்றி டி-யில் நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் சுருதி கூட்டும் சாவியின் பல்லில் தளர்வு மிஞ்சும், நான்கு முறை மீட்டியதும் தந்தி தானாக இறங்கிவிடும். டியூனர் இல்லையென்றால் ஆறாவது தந்தியின் ஏழாவது ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்துங்கள். ஐந்தாவது தந்தியின் திறந்த சத்தமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாக மற்ற ஐந்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரு தந்தி தளர்ந்தால் கழுத்தின் மேல் இழுவிசை குறையும், மற்றவை இம்மியளவு ஏறியிருக்கும்.

தளர்ந்த ஆறாவது தந்தி ஃபிரெட்டில் பட்டுக் கரகரக்கும். தந்தியின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள்; முதல் தந்தி 12 ஆக இருக்கும் மெல்லிய தந்தித் தொகுதியில் ஆறாவது 53. அதை மட்டும் எடுத்துவிட்டு 56 போட்டுப் பாருங்கள், பாதி கரகரப்பு போய்விடும். மீதிப் பாதியைப் போக்காதீர்கள். அவர் தந்தியை விரலால் வெளியே இழுத்துச் சட்டென விடுவார், அது பலகையில் அறைந்து 'டக்'கென்று கேட்கும். அந்த முரட்டுத்தனம் இல்லாவிட்டால் அது அவர் வாசிப்பே இல்லை.

பேஜ் சுருதியையும் பழக ஆசையா? ஆறாவதை இறக்கியது போக, இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கும் முதலாவதை இ-யிலிருந்து டி-க்கும் இறக்குங்கள். மூன்றாவது தந்தியின் இரண்டாவது ஃபிரெட் இரண்டாவது தந்திக்குச் சாட்சி. இரண்டாவதன் ஐந்தாவது ஃபிரெட் முதலாவதற்குச் சாட்சி. டி-யை ஆதார ஷட்ஜமாக வைத்தால் ஆறு தந்தியும் ச-ப-ச-ம-ப-ச என்று பேசும். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

கேள்வி: 'ஆஞ்சி' வாசிக்கும்போது எஃப் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்குகிறது.

ஆள்காட்டி விரலைக் கிடையாகப் படுக்க வைத்து ஆறு தந்தியையும் அழுத்துகிறீர்கள், அதனால்தான். டேவி கிரஹாம் என்ற கிட்டார் கலைஞரின் இந்த உருப்படியில் கீழ்த்தந்தி ஏ-ஜி-எஃப்-இ என்று படியிறங்கும். ஏ ஐந்தாவது தந்தி திறந்தபடி, ஜி ஆறாவதன் மூன்றாவது ஃபிரெட், எஃப் முதல் ஃபிரெட், இ திறந்தபடி. எஃப்-ஐ இடது கட்டைவிரலால், கழுத்தின் மேற்புறமாக வளைத்துப் பிடியுங்கள். மற்ற நான்கு விரலும் மேல்தந்திகளுக்கு மிச்சமாகும். கை சிறிதாக இருந்தால் முழங்கையை உடம்பை விட்டுத் தள்ளி, மணிக்கட்டைத் தளர்த்துங்கள். கழுத்து உள்ளங்கையில் உட்கார்ந்தால்தான் கட்டைவிரல் எட்டும். இந்தப் பக்கத்துக்கு இதுவரை வந்த மின்னஞ்சல்களில் பாதி இந்தக் கட்டைவிரலைப் பற்றித்தான்.

கேள்வி: கிட்டாரில் தந்தி மேலே தூக்கிக்கொண்டது, அழுத்த முடியவில்லை. ஆறு மாதமாகச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

சுவரில் மாட்டியதுதான் வினை. கிட்டார் பலகைக்கு ஏற்ற காற்றீரம் 45 முதல் 55 விழுக்காடு. நம் வீடுகளில் 80 சாதாரணம். பலகை ஈரத்தை உறிஞ்சி வயிறு புடைக்கும், அதோடு பிரிட்ஜும் (தந்தியைப் பலகையோடு பிணைக்கும் கட்டை) தந்தியும் மேலே வரும். பெட்டிக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். நிறம் மாறும் வகை என்றால் நல்லது. மாறியதும் ஓவன் அடுப்பில் 120 பாகை செல்சியஸில் ஓரிரு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். இரண்டு மூன்று வாரத்தில் வயிறு கொஞ்சம் இறங்கும். அதற்குமுன் பிரிட்ஜின் மேலுள்ள சேடில் பட்டையைத் தேய்த்து உயரம் குறைக்காதீர்கள். பலகை உலர்ந்தபிறகு தந்தி ஃபிரெட்டில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே வேண்டாம். பசை இளகி பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்.

கேள்வி: பாலாய் ராயாவில் தகரக் கூரை. மைக் வைத்தால் கூவுகிறது, மழை வந்தால் ஒன்றும் கேட்காது.

அக்டோபரில் மாலை மழையை நம்பித்தான் திட்டம் போட வேண்டும். இரவு எட்டரைக்குத் தொடங்குங்கள். நாற்பது பேருக்குள் என்றால் மைக்கே வேண்டாம். வட்டமாக நாற்காலி போட்டுக் கிட்டாரை நடுவில் உட்கார வையுங்கள்.

மைக் வைத்தே ஆக வேண்டும் என்றால்: ஒலிபெருக்கி மைக்கைவிடப் பார்வையாளர் பக்கமாகத் தள்ளி நிற்கட்டும், வாசிப்பவருக்குப் பின்னால் நின்றால் கூவும். மைக்கைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேரே நீட்டாதீர்கள், சத்தம் பானைக்குள் பேசுவதுபோல் இருக்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய டி தந்தி 73 ஹெர்ட்ஸ். அந்தப் பொத்தான் அதன் அடிக்கனத்தைத் தின்றுவிடும். எடுத்துவிடுங்கள், கூவினால் 100 முதல் 200 வரை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். இன்னொன்று: சவுண்ட் சிஸ்டக்காரர் பழக்க தோஷத்தில் எக்கோவைத் திறந்து வைப்பார். திருவிழா அறிவிப்புக்கு அது பொருந்தும். இங்கே சுழியத்தில் வையுங்கள். முடிந்தால் அவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து மிக்சர் பக்கமிருந்து நகர்த்துங்கள்.

கேள்வி: தமிழில் பாடலாமா? உரிமம் தேவையா?

ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் கதைப்பாடல்கள் பலவற்றில் ஓரடிக்கு நான்கு தட்டு, அடுத்த அடிக்கு மூன்று. நான்காவது தட்டு வெறுமனே நிற்கும். நம் கும்மியில் ஏழு சீர், எட்டாவது இடத்தில் கைதட்டு மட்டும். கணக்கு ஒன்றேதான். அதனால் ஆங்கில வரிக்கு வரி சொல் தேடித் திணிக்காதீர்கள். கதையை எடுத்துக்கொண்டு கும்மி மெட்டில் புதிதாக எழுதுங்கள், தட்டு தானாக உட்காரும். 'நீடில் ஆஃப் டெத்' மட்டும் விதிவிலக்கு. ஹெராயினால் இறந்த நண்பரை நினைத்து ஜான்ஷ் எழுதியது. பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். பாட்டுக்குமுன் ஒருவர் அதன் பொருளைத் தமிழில் பேச்சாகச் சொல்லிவிட்டு, மூலத்தைக் கைபடாமல் பாடட்டும்.

'பிளாக்வாட்டர்சைட்' மரபுப்பாட்டு, சொல்லுக்கு உரிமையாளர் யாருமில்லை. அவர் எழுதிய பாட்டுகள் வேறு கதை. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின்னும் 50 ஆண்டு உரிமை உண்டு, அதாவது 2061 முடியும்வரை. நுழைவுக் கட்டணம் இல்லாமல், லாப நோக்கமற்ற மன்றம் அறத்துக்கோ கல்விக்கோ நடத்தினால் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டால் இசைப் படைப்பாளர்களின் பதிப்புரிமை அமைப்பான எம்.ஏ.சி.பி.யிடம் உரிமம் எடுங்கள். பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போனால் வேலை சுலபம்.