வாசகர் கேள்வி பதில்: தம் கதையைச் சொல்ல வழக்காடிய பியானோ கலைஞர்

கேள்வி: ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோ கலைஞர் தமது வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவதற்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்ததாமே? சொந்தக் கதையை எழுதுவதற்கு எப்படித் தடை விதிக்க முடியும்? ஸ்பெயின் நாட்டில் ஒரு சட்டத்தை அவர் பெயரால் அழைப்பது எதனால்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: 1975-இல் லண்டனில் பிறந்த ரோட்ஸ், ஆறு வயதிலிருந்து சில ஆண்டுகள் தம் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர். அது உடலில் ஏற்படுத்திய சேதத்துக்குப் பின்னாளில் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. மனத்துக்கு நேர்ந்ததோ, பிறர் கண்ணுக்குத் தெரியாமலே வளர்ந்து, முப்பது வயதையொட்டி அவரை மனநல மருத்துவமனையில் கொண்டு சேர்த்தது. இவற்றையெல்லாம் மழுப்பாமல் எழுதிய நூல்தான் 'இன்ஸ்ட்ருமென்டல்'.

அந்நூல் வெளிவந்தால் அதைப் படிக்க நேரும் தம் மகன் மனத்தளவில் பாதிக்கப்படுவான் என்று அவருடைய முன்னாள் மனைவி வழக்குத் தொடுத்தார். ஒரு தாயின் அச்சம் என்ற அளவில் அதை யாரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அச்சத்துக்குத் துணையாக நின்ற சட்டக் கோட்பாடு 1897-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டனில் மதுக்கடை நடத்தி வந்தவரின் மனைவியிடம் வாடிக்கையாளர் ஒருவர், "உன் கணவர் விபத்தில் சிக்கி இரண்டு கால்களும் முறிந்து கிடக்கிறார், இரண்டு தலையணைகளோடு வண்டி பிடித்துப் போய் அழைத்து வா" என்று விளையாட்டுக்காகப் பொய் சொன்னார். அந்த அதிர்ச்சியில் அப்பெண் பல வாரங்கள் நோயில் கிடந்தார். வேண்டுமென்றே பொய் சொல்லி ஒருவரின் உடல்நலத்தைக் கெடுப்பது இழப்பீடு தரவேண்டிய தீங்கு என்று அவருக்கு 100 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. அந்தத் தலையணைப் பொய்க்கும் ஒரு மனிதர் தமக்கு நேர்ந்த உண்மையை எழுதுவதற்கும் என்ன உறவு என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டின் அடிப்படையில் நூலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. எந்தெந்தச் சொற்கள் மிகவும் வெளிப்படையானவை என்று அடையாளமிட்டும் காட்டியது.

2015 மே 20 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. ஒருவர் பட்ட துன்பத்தை உலகுக்குச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதோடு தீர்ப்பு நிற்கவில்லை. எந்தச் சொற்களில் சொன்னால் அது மனத்தில் பதியுமோ அந்தச் சொற்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்றது. என் பார்வையில் இந்த இரண்டாவது பகுதியே முக்கியமானது. வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் வாய் திறக்க முடியாமல் போவதற்கு மிரட்டல் ஒரு காரணம் என்றால், நடந்ததைச் சொல்லும் சொல்லே அசிங்கம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது இன்னொரு காரணம். 'தவறாக நடந்துகொண்டார்' என்று பூசி மெழுகுவது கேட்பவரின் கூச்சத்தைத்தான் காப்பாற்றுகிறது என்பதே ரோட்ஸ் தொடர்ந்து வலியுறுத்தி வருவது.

2017-இல் அவர் மாட்ரிட் நகரில் குடியேறினார். குழந்தைகளை வன்முறையிலிருந்து காக்கும் சட்டம் வேண்டும் என்று அங்கே ஓயாமல் பேசியும் எழுதியும் வந்ததால் அந்தச் சட்டத்துக்கு 'ரோட்ஸ் சட்டம்' என்ற வழக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2021 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, கடுமையான குற்றங்களில் வழக்குத் தொடர்வதற்கான கால வரம்பு, பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது நிரம்பிய நாளிலிருந்து அல்லாமல் 35 வயது நிரம்பிய நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. நடந்ததைச் சொல்ல வாய் வருவதற்கே சிலருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகிவிடுகின்றன என்பதைச் சட்டம் ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே ஸ்பெயின் அரசு அவருக்குக் குடியுரிமை அளித்திருந்தது.

கேள்வி: அப்படியானால் இசைதான் அவரைக் குணப்படுத்தியதா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: 'இசையே மருந்து' என்ற தலைப்பில் நம் பத்திரிகைகள் எத்தனையோ கட்டுரைகளை அச்சிட்டாயிற்று, இந்தப் பத்திரிகையும் விலக்கல்ல. ரோட்ஸ் அப்படிச் சொல்பவர் அல்லர். பதினெட்டு வயதில் பியானோவை மூடிவிட்டு ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதைத் தொடாமலே இருந்தவர் அவர். பிறகு கலைஞர்களின் முகவராகலாம் என்று இத்தாலியில் ஒரு முகவரைத் தேடிப் போக, அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முகவர் வேலையை மறந்துவிடுமாறு கூறினாராம். இசைக்குத் திரும்பிய பிறகுதான் ரோட்ஸின் மனநோய் முற்றியது என்பதையும் மறக்கலாகாது. மருத்துவமனையில் இருந்தபோது நண்பர் ஒருவர் ஷாம்பு பாட்டிலுக்குள் ஐபாடை ஒளித்து எடுத்துவந்து கொடுக்க, மார்செல்லோ என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் படைப்பொன்றை, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், பியானோ வகைக் கருவிக்கு மாற்றியமைத்ததில் வரும் மெதுவான பகுதியை, கிளென் கூல்ட் என்ற பியானோ கலைஞரின் வாசிப்பில் ரோட்ஸ் கேட்டார். இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கலாம் என்று அப்போது தோன்றியதாக எழுதுகிறார். மருந்தும் மருத்துவரும் அதன் பின்னரும் தேவைப்பட்டனர்.

2013-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக அவர் ஒரு பெரிய பியானோவை மனநல மருத்துவமனைக்குள் கொண்டுபோனார். அங்கே மேடையோ கூட்டமோ இல்லை. நோயாளிகளில் ஒவ்வொருவரோடும் தனித்தனியே உட்கார்ந்து அவர் கதையை முதலில் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த ஒருவருக்கென்றே ஓர் இசைப்படைப்பைத் தேர்ந்து, அவர் பக்கத்தில் இருக்க, வாசித்தார்.