நுரையைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29, எடை 52 கிலோ. மூன்று வருடமாக லூபஸுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிட்டு வந்தேன். அது கண்பார்வையைப் பறித்துவிடும் என்று யூடியூபில் பார்த்து, இரண்டு மாதம் முன்பு நிறுத்திவிட்டேன். மூட்டுவலி கூடியதால் 5 மி.கி. ஸ்டீராய்டை நானே 20 ஆக்கிக்கொண்டேன். வலி மாத்திரையும் போடுகிறேன். முகம் உப்பிவிட்டது, முடி கொட்டுகிறது, ஏஎன்ஏ மறுபடியும் பாசிட்டிவ். அடுத்த வருடம் குழந்தை பெறலாமா? கொஞ்ச நாளாகச் சிறுநீர் நுரைத்துப் போகிறது. உடம்புச் சூடுதானே? – வாசகி, தஞ்சாவூர்.

பதில்: சூடு இல்லை. லூபஸ் என்பது நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்கும் நோய். அது உள்ள ஒருவருக்குச் சிறுநீர் விடாமல் நுரைத்தால், வேறு காரணம் தெரியும் வரை நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். இளநீர் குடித்துப் பார்க்கிறேன் என்று ஒரு வாரம் தள்ளாதீர்கள். நாளைக் காலையே லேபுக்குப் போங்கள்.

இந்தப் பாதிப்பு தொடக்கத்தில் வலிக்காது. அதுதான் தொல்லை. மூட்டு வலித்தால் ஓடி வருகிறவர்கள் நுரைக்கு வருவதில்லை. காலையில் பிடிக்கும் ஒரு சிறு டப்பா சிறுநீர் தொடக்கத்துக்குப் போதும். அதில் புரதம் எவ்வளவு ஒழுகுகிறது என்று காட்டும் புரதம்–கிரியாட்டினின் விகிதத்தையும், ரத்த அணுக்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், லூபஸின் வேகத்தைக் காட்டும் சி3, சி4, ஆன்டி டிஎஸ்-டிஎன்ஏ. பிபியும் பார்த்தாக வேண்டும். புரதம் நாளுக்கு அரை கிராமுக்கு மேல் போவது உறுதியானால், பெரும்பாலும் சிறுநீரக பயாப்ஸி (ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது) செய்யச் சொல்வார்கள். பயந்து தள்ளிப்போடாதீர்கள். எந்த வகைப் பாதிப்பு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்ய முடியும். இதற்கிடையில் கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பிபியோடு கடும் தலைவலி வந்தாலோ, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்றவை, ஏற்கனவே அடிபட்டிருக்கக்கூடிய சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

சரி, கண். லூபஸ் சிகிச்சைக்கு ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2023இல் புதுப்பித்த நெறிமுறைகளின் சாரம் எளிது: ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை விடாதே, ஸ்டீராய்டை 5 மி.கி.க்கு மேல் நீண்ட நாள் ஓட்டாதே. நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். இந்த மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்பும் ஆபத்து இரண்டரை மடங்கு என்று 1991இலேயே கனடாவில் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. உங்கள் மூட்டுவலி ஏன் கூடியது என்பதற்கும் அநேகமாக அதுவே பதில்.

கண்ணில் பாதிப்பு வருவது உண்மைதான், ஆனால் அது அளவையும் காலத்தையும் பொறுத்தது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.க்குள் இருந்தால் முதல் 5 வருடத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 20 வருடம் தாண்டினால்தான் கணிசமாக ஏறுகிறது. உங்கள் எடைக்கு 260 மி.கி. வரை. அப்படி ஒரு மாத்திரை கிடைக்காது என்பதால் ஒரு நாள் 200, மறுநாள் 300 என்று எழுதிக்கொடுப்பதுண்டு. முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும் பார்வைப்புலச் சோதனையும். முதல் பரிசோதனையே செய்யவில்லை என்றால் இப்போது செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அளவையும் குறைக்க வேண்டிவரும், கண் பரிசோதனையையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். அதனால் கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு இந்த வாரமே உங்கள் வாதநோய் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள். யூடியூப்காரர் உங்கள் எடையைக் கேட்டாரா?

ஸ்டீராய்டையும் கோபத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதம் 20 மி.கி. எடுத்த உடம்பு அதைத் தாங்காது, மயங்கி விழவும் கூடும். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் இறங்க வேண்டும். முக வீக்கம் ஸ்டீராய்டால் என்றால் அதோடு வடியும். காலையில் கண்ணைச் சுற்றி அதிகமாக வீங்கினால், அது சிறுநீரில் புரதம் ஒழுகுவதாலும் இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முடி, நோய் அடங்கினால் பெரும்பாலும் வளரும். ஏஎன்ஏ, நம் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தச் சோதனை. ஒருமுறை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். நோய் கூடியதா குறைந்ததா என்று அது சொல்லாது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

குழந்தை தாராளமாகப் பெறலாம். ஆனால் நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடர்வோம். சிறுநீரகத்துக்காக மைகோஃபினோலேட் தொடங்க நேர்ந்தால், அது கருவுக்கு ஆகாது. கர்ப்பத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அசாதையோப்ரின் போன்ற ஒன்றுக்கு மாற்றுவார்கள். அதுவரை கருத்தடை அவசியம், ஆனால் கருத்தடை மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய எதிர்ப்பொருள்களைத் தேடும் ஆன்டி ரோ, ஆன்டி லா, ஆன்டி பாஸ்போலிப்பிட் சோதனைகள் இதுவரை எடுக்கவில்லை என்றால், கர்ப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.