ராத்திரி பளபளன்னு இருந்துச்சு, காலைல வெடிச்சிருக்கு

கேள்வி: அக்ரிலிக் கலர்ல பசையும் தண்ணியும் கலந்து கேன்வாஸ்ல ஊத்தினேன். ராத்திரி செமையா இருந்துச்சு. சீக்கிரம் காயட்டும்னு ஃபேன் போட்டேன், காலைல பாத்தா பெயிண்ட் நடுவுல தேங்கி வெடிப்பு விட்டிருக்கு. விக்கிறவர் பசைக்குப் பதிலா கலர்ல கலக்கற காஸ்ட்லி மீடியமும், செல் (கலருக்குள்ள வட்டம் வட்டமா வர்ற டிசைன்) வர ஏதோ டிராப்ஸும் வாங்கச் சொல்றார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. முதல்ல அந்த ஃபேனை ஆஃப் பண்ணுங்க.

அக்ரிலிக் காயறதுன்னா அதுல இருக்கற தண்ணி வெளிய போறதுதான். காத்து பட்டா மேல மட்டும் சட்டுனு காய்ஞ்சு பால்ல ஆடை படியற மாதிரி ஒரு தோல் கட்டிடும், அடியில இன்னும் ஈரம், மேல இருக்கற தோல் சுருங்கும்போது பிடிச்சுக்க கெட்டியா ஒண்ணும் இல்லாததால கிழியுது, அவ்ளோதான் உங்க வெடிப்பு. பெயிண்ட் எங்க தடிமனா இருக்கோ அங்கதான் முதல்ல வரும், அதான் நடுவுல வந்திருக்கு.

நடுவுல ஏன் தேங்குச்சுன்னா கேன்வாஸ் தொய்ஞ்சிருக்கு. பின்னாடி மூலைல ஆப்பு இருந்தா தட்டி இறுக்குங்க, இல்லேன்னா சட்டத்துக்கும் துணிக்கும் நடுவுல அட்டை செருகுங்க. ஃபோன்ல இருக்கற லெவல் ஆப்பை கேன்வாஸ் மேலயே வச்சுப் பாருங்க, டேபிள் மேல வச்சுப் பாத்து பிரயோஜனம் இல்ல. 30க்கு 40 சென்டிமீட்டர் கேன்வாஸுக்கு எல்லாம் கலந்து 200லேர்ந்து 250 மில்லி போதும், அதுலயும் ஒரு பங்கு ஓரத்துல வழிஞ்சு போயிடணும், வேஸ்ட் ஆகுதேன்னு பிடிச்சு வைக்கக் கூடாது. கலவையைக் குச்சியில தூக்கி விட்டா அறுபடாம இறங்கி, விழுந்த இடத்துல சின்ன மேடு கட்டி ஒண்ணு ரெண்டு செகண்ட்ல மறையணும், அதான் பதம். ஊத்தி முடிச்சதும் படத்து மேல பெரிய டப்பாவைக் கவுத்து, அடியில கொஞ்சம் இடைவெளி விட்டு, ரெண்டு மூணு நாள் தொடாம விடுங்க.

மரப்பலகைல ஊத்தினா தொய்வுப் பிரச்சனையே இல்ல. ஆனா அதுக்கும் ஒரு 'ஆனா' இருக்கு, ஊத்தறதுக்கு முன்னாடியே பலகைக்கு சீலர் (ஈரம் உள்ள போகாம அடைக்கற பூச்சு) அடிச்சிருக்கணும், இல்லேன்னா மரம் ஒரு இடத்துல தண்ணியை உறிஞ்சி இன்னொரு இடத்துல விட்டு, மறுபடி ஒரே சீரா காயாது. சில சமயம் மரத்தோட கறை மேல ஏறி வெள்ளைக் கலரை மஞ்சளாக்கும். பின்பக்கமும் அடிங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பலகை வளைஞ்சுக்கும்.

அந்த டிராப்ஸ் விஷயம். 'ரகசிய ஆக்டிவேட்டர்'னு விக்கறதுல முக்காவாசி வெறும் சிலிகான் ஆயில்தான், குட்டி பாட்டில்ல ஊத்தி லேபிள் ஒட்டிடறாங்க. செல் வரும், பொய் இல்ல. ஆனா அந்த எண்ணெயைத் துடைக்காம வார்னிஷ் அடிச்சா வார்னிஷ் ஒட்டாம வட்டம் வட்டமா விலகி நிக்கும், அதை எந்த விக்கிறவனும் சொல்ல மாட்டான். சிலிகானே இல்லாம செல் வரும், டைட்டானியம் வெள்ளை மாதிரி கனமான கலர் லேசான கலருக்கு மேல விழுந்தா அது தானா கீழ இறங்கப் பாக்கும், அந்தத் தள்ளுமுள்ளுதான் செல். மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் 1930கள்லயே இப்படி ஊத்திப் பாத்தவர்.

பசையைப் பொறுத்தவரை பழகறதுக்கு ஓகே, விக்கற படத்துக்கு வேண்டாம், ஈரம் பட்டா இளகும். வெறும் தண்ணியை மட்டும் ஊத்தி இளக்கறதும் தப்பு, கலரைப் பிடிச்சு வைக்கற பைண்டர் பலவீனமாயிடும். எவ்ளோ பைண்டர் இருக்குன்னு டியூப்ல போட்டா நாமளே கணக்குப் போட்டுக்கலாம், பேரை மட்டும் பெருசா அச்சடிக்கறவங்களுக்கு அதுக்கு மட்டும் இடமில்ல போல. வீடியோ போடறவங்களும் ஈரமா பளபளக்கும்போதே கட் பண்ணிடறாங்க, மூணாம் நாள் எப்படி இருந்துச்சுன்னு காட்டறவங்க ரொம்பக் கம்மி.

இப்ப வெடிச்சதைத் தூக்கிப் போடாதீங்க. முழுசா காய விட்டு, மேடான இடத்தை உப்புத்தாள்ல தேச்சு, தூசியைத் துடைச்சுட்டு அது மேலயே மெல்லிசா இன்னொண்ணு ஊத்துங்க. வார்னிஷ் மட்டும் மூணு நாலு வாரம் கழிச்சு.