கடல் தாண்டி வந்த ராலே: சைக்கிள் கேள்வி – பதில்

கே: தாத்தா பட்டாளத்தில் சிங்கப்பூரில் இருந்தவர். வரும்போது கப்பலில் ஏற்றிவந்த ராலே சைக்கிள் பல வருஷமாகத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. மூன்று கியர். எந்த வருஷத்து வண்டி? திரும்ப ஓடுமா? – தங்கச்சிமடம் வாசகர்

ப: ஓடும். பின் சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடு உருளை; கியர் இருப்பது இதற்குள்தான்) மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கியர் கம்பெனியின் பெயரோடு எண்களும் வெட்டியிருக்கும். 51 என்றிருந்தால் 1951-இல் செய்தது. அடுத்த எண் மாதம். சக்கரம் மாற்றாத வண்டி என்றால் அதன் வயதும் ஏறக்குறைய அதுவே.

கடையில் விடும்போது ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: பி.பி. கப்பை (பெடல் அச்சைத் தாங்கும் மரையிட்ட கிண்ணம்) கழற்றினால் அதையேதான் திரும்பப் போட வேண்டும். ராலே கப்பில் அங்குலத்துக்கு 26 மரை. கடையில் தொங்குவது 24. "லேசா டைட்டா இருக்குண்ணே, ஏறிடும்" என்று ஸ்பானர் போட்டால் பிரேமின் மரை போய்விடும், வண்டி எடைக்குத்தான். உள்ளே உருளும் இரும்புக் குண்டுக்குப் பஞ்சமில்லை, கால் அங்குலம், பக்கத்துக்கு 11.

கிராங்கை (பெடல் கை) அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் உப்பில் இறுகியிருக்கும்; வெறுமனே அடித்தால் வளையும். முதல் நாளே இன்ஜின் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து விட்டு ஊற வையுங்கள். நட்டைப் பின்னின் நுனிக்குச் சமமாகத் திருகி, கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, கனத்த சுத்தியலால் நேராக அடிக்க வேண்டும். முட்டு இல்லையென்றால் அடி முழுக்கக் குண்டில் இறங்கி, கப்பில் குழி விழும்.

கியர் ஹப்பில் கிரீஸ் திணிக்க விடாதீர்கள். பல்லில் விழுந்து பிடிக்கும் சின்னத் தாழ்கள் உள்ளே ஒட்டிக்கொண்டால் பெடல் சுற்றும், வண்டி நகராது. ஹப்பின் மேலுள்ள சின்ன மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் ஒரு தேக்கரண்டி. பிறகு மாதம் சில சொட்டு. லிவரை 2-இல் வைத்து பின் சக்கரத்தின் வலப்பக்க நட்டின் துளை வழியே பாருங்கள். கியர்ச் சங்கிலியைப் பிடித்திருக்கும் கம்பி அச்சின் நுனிக்குச் சமமாக நிற்க வேண்டும். கேபிள் தளர்ந்தால் 2-க்கும் 3-க்கும் நடுவே எதுவும் பிடிக்காது. பாம்பன் பாலத்து ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது அது நேர்ந்தால் நெஞ்சு ஹேண்டில்பாரில்தான்.

டயர் வாங்கப் போகையில் பழசைக் கையோடு கொண்டுபோங்கள். 26 × 1⅜ என்று எழுதியிருந்தால், ரேஞ்சர் வண்டியின் 26 டயர் அதற்குச் சேராது.

கே: ஜப்பான் பட்டாளம் டயரே இல்லாமல் சைக்கிள் ஓட்டியதாக மலேயாவில் இருந்த பெரியவர்கள் சொல்வார்களே? – கீழக்கரை வாசகர்

ப: உண்மைதான். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கியவர்கள் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். அந்த வேகத்தில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு. பாலம் தகர்க்கப்பட்ட இடத்தில் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோலக் கேட்டதாம். மலேயாவில் ஜப்பான் சைக்கிள்கள் முன்பே புழக்கத்தில் இருந்ததால் உதிரி பாகமும் அங்கேயே கிடைத்தது. நீங்கள் முயல வேண்டாம். ரிம் ஓரம் நசுங்கினால் பிறகு டயர் உட்காராது.

கே: மழையே இல்லை, செயின் மட்டும் துருப்பிடிக்கிறது. தேங்காயெண்ணெய் விடலாமா? – மண்டபம் வாசகர்

ப: வேண்டாம். படியும் உப்பே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழை தேவையில்லை. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடிக்கும். கச்சான் எனும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் (⅛) அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றுங்கள்; விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.