டச்சு வாக்கியத்தில் வினை எங்கே நிற்கும்? கற்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, டச்சில் வினைச்சொல் ஒரு வாக்கியத்தில் முன்னாலும் இன்னொன்றில் கடைசியிலும் வருகிறதே, இதற்கு ஒழுங்கு உண்டா?

பதில்: உண்டு. தனித்து நிற்கும் வாக்கியத்தில், முதலில் எழுவாய் வந்தாலும் காலம் வந்தாலும் இடம் வந்தாலும், எழுவாய்க்கேற்பத் திரியும் வினைக்கு இரண்டாம் இடமே உரியது. ‘இக் ஹா மோர்ஹன் நார் உட்ரெக்ட்’ என்றால் ‘நான் நாளை உட்ரெக்ட் போகிறேன்’. நாளையை முன்னால் வைத்தால் ‘மோர்ஹன் ஹா இக் நார் உட்ரெக்ட்’ என்று எழுவாய் வினைக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். ஆனால் காரணம் சொல்லும் ‘ஓம்டாட்’, ‘என்று’ எனப் பொருள்படும் ‘டாட்’ போன்றவற்றில் தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகிறது: ‘ஓம்டாட் இக் மோர்ஹன் நார் உட்ரெக்ட் ஹா’. ‘நான் நாளை உட்ரெக்டுக்குப் போவதால்’ என்னும் நம் வரிசைதான் இது. இந்த இடத்தில் ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் யோசிப்பதே நல்லது.

கேள்வி: ‘வாண்ட்’ என்பதும் காரணம் சொல்வதுதானே? அதன்பின் வினை ஏன் நகர்வதில்லை?

பதில்: அது இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கும் சொல், இட எண்ணிக்கையில் அது சேராது.

கேள்வி: தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் ‘ஓப்பெல்லன்’ ஏன் இரண்டாக உடைகிறது?

பதில்: டச்சு வினையின் சொந்த வீடு வாக்கியத்தின் கடைசிதான் என்று வைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். தனி வாக்கியத்தில் திரியும் பகுதி மட்டும் இரண்டாம் இடத்துக்குக் குடிபெயர, முன்னொட்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறது: ‘இக் பெல் யெ மோர்ஹன் ஓப்’. துணை வாக்கியத்தில் இடப்பெயர்ச்சி இல்லாததால் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: ‘டாட் இக் யெ மோர்ஹன் ஓப்பெல்’. எந்த வினை பிரியும் என்பதை அழுத்தம் காட்டிக்கொடுக்கும். ‘ஃபோர்கோமன்’ என்பதில் ‘ஃபோர்’ அழுத்தம் பெற்றால் ‘நிகழ்தல்’, அது பிரியும். ‘கோ’ அழுத்தம் பெற்றால் ‘தடுத்தல்’, அது பிரியாது. எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் காதைத்தான் பழக்க வேண்டும்.

கேள்வி: நான் பிழையில்லாமல் பேசினாலும் அதிகாரமாகப் பேசுவதுபோல் ஒலிக்கிறது என்கிறார்கள்.

பதில்: ‘டூ டெ டோர் டிஹ்ட்’ என்றால் ‘கதவைச் சாத்து’ என்னும் வெறும் கட்டளை. ‘டிஹ்ட்’டுக்கு முன் ‘ஏவன்’ சேர்த்தால் ‘கதவைக் கொஞ்சம் சாத்துங்கள்’ என்னும் பதம் வந்துவிடும். ‘மார்’ என்பதை அகராதியில் ‘ஆனால்’ என்று படித்திருப்பீர்கள். ‘கோம் மார் பின்னன்’ என்பதிலோ அது ‘உள்ளே வாருங்களேன்’ என்பதன் ஏகாரத்தைப் போல அழைப்பைக் கனிவாக்குகிறது.

கேள்வி: மேசையில் பாட்டில் ‘நிற்கிறது’, சாவி ‘கிடக்கிறது’ என்கிறார்களே, வெறுமனே ‘இருக்கிறது’ என்றால் போதாதா?

பதில்: பொருள் விளங்கும், ஆனால் அயலார் பேச்சாகவே ஒலிக்கும். தன் அடிப்பாகத்தில் அமர்ந்த பொருளுக்கு ‘ஸ்டாட்’ வரும். அதனால்தான் தட்டையான சாப்பாட்டுத் தட்டும் ‘நிற்கிறது’. சாவிக்கு ‘லிஹ்ட்’, அதே சாவி சட்டைப்பைக்குள் போய்விட்டால் ‘ஸிட்’, அதாவது ‘உட்கார்ந்திருக்கிறது’.

கேள்வி: ‘ஹால்ஃப் ட்ரீ’ என்றால் மூன்றரை மணிதானே?

பதில்: இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்திருக்கிறது என்று கணக்கு. சந்திப்பு நேரம் குறிக்கும்போது இலக்கத்தில் 14.30 என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.