பெட்ரோல் காரில் ஹைட்ரஜன் கிட் போட்டால் மைலேஜ் கூடுமா?

கூடாது. காசைக் கொட்டிவிடாதீர்கள்.

கிட் என்பது தண்ணீரும் எஃகுத் தகடுகளும் உள்ள டப்பா. பேட்டரி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை ஏர் ஃபில்டருக்குப் பின்னால் விடுகிறது. அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி)தான் தர வேண்டும், அதைச் சுழற்றுவது உங்கள் பெட்ரோல்தான்.

கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு கிடைக்க 13.8 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர், அதாவது 220 வாட் ஆகும். ஆல்டர்னேட்டர், எஞ்சின் இழப்புகளைச் சேர்த்தால் 1,300 வாட் அளவுக்குப் பெட்ரோல் எரிகிறது. திரும்ப வருவதோ 120 வாட் ஹைட்ரஜன்! மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் காரின் எரிபொருள் சக்தி 35,000 வாட். அதில் இது எந்த மூலைக்கு?

சரி, ஹைட்ரஜன் கலந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நாசா ஆராய்ச்சியே சொல்கிறது என்கிறார்களே? ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். 1970களில் நாசா சோதித்தது. ஹைட்ரஜன் வேகமாக எரிவதால், காற்று அதிகமும் பெட்ரோல் குறைவுமான கலவையிலும் எஞ்சின் திணறாமல் ஓடும். ஆனால் இன்றைய காரில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையை அப்படிப் போக விடாது. சில கிட்களில் சென்சாரை ஏமாற்றும் சின்ன சர்க்யூட்டும் வரும். அதைப் போட்டால் நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

மைலேஜ் குறைந்திருந்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஸ்பார்க் பிளக்.